டீச்சர் வீட்டுக் கள்ளக் கரண்ட்

கரண்ட் பில்லைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால், முதலில் அவனைத்தான் கள்ளன் மாதிரிப் பார்ப்பார்கள். வெள்ளவத்தையிலும் அப்படித்தான், கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். நான் வயரிங் வேலை செய்தே தலை நரைத்தவன், இங்கே வேலைக்காரனைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பில்லைக் கண்டு நெஞ்சைப் பிடிக்கிற உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

கூப்பிட்ட காரணம்

கொட்டாஞ்சேனை ரீட்டா டீச்சர் பென்ஷன் எடுத்தவர், தனியாக இருக்கிறார். மேல் வீட்டில் ஹட்டன் பக்கத்து மலர், இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்து தையல் வேலை செய்கிறாள். மேல் வீட்டுக்கு மீட்டர் வேறு. என்னைப் பில் குறைக்க என்று சொல்லித்தான் டீச்சர் கூப்பிட்டார். உள்ளே போன பிறகு டீச்சர் காதுக்குள் சொன்னார், மலர் தன் லைனில் களவாக வயர் இழுத்திருக்கிறாளாம். நான் அந்த வயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மாத முடிவிலேயே அவளை வீட்டை விட்டு எழுப்பிவிடுவாராம்.

வயரைத் தேடிப் படியேறினேன். மலருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"எங்க மேல பழி போட்டுறாதீங்கய்யா. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு வேற வீடு தேடி எங்க போவேன்?"

மெயின் சுவிச்

கீழ் வீட்டு மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணினேன். மீட்டர்ச் சக்கரம் நின்றுவிட்டது. மேலே மலரின் மோட்டர் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரின் லைனில் வயர் இழுத்திருந்தால் ஒன்றில் சக்கரம் சுற்றவேண்டும், இல்லாவிட்டால் மெஷின் நிற்கவேண்டும். களவு இல்லை.

பிறகு மெயின் சுவிச்சைத் திரும்பப் போட்டு, பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டேன். சக்கரம் பறந்தது. தூசி படுமென்று பிரிட்ஜைப் பின்பக்கம் வரை பெட்ஷீட்டால் போர்த்தி, சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறார். சூடு வெளியே போக வழியில்லை. கதவு ரப்பரும் கிழிந்துபோய்விட்டது. குசினி ஜன்னலோ ஆணி அடித்து மூடிக் கிடக்கிறது, படியேறுகிற மலர் கறிச்சட்டியை எட்டிப் பார்த்துவிடுவாள் என்று. அதனால் பட்டப்பகலிலும் பல்பு, ஃபேன்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"மேல உமக்குத் தேத்தண்ணி தந்தவையோ, பாஸ்?"

அடுத்த பில்

பிரிட்ஜை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, பெட்ஷீட்டை உருவி, ரப்பரை மாற்றினேன். ஜன்னலுக்குத்தான் பெரிய சண்டை. கீழ்ப்பாதிக்குத் திரை போட்ட பிறகே ஆணியைக் கழற்ற விட்டார். அடுத்த பில் வரும்வரைக்கும் மலரை ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

அடுத்த பில்லுக்குப் போனேன், நன்றாகக் குறைந்து வந்திருந்தது. டீச்சர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மலர் இருக்கட்டும் என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வழியனுப்ப வாசல்வரை வந்தவர், மேலே ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீர் வந்து பாத்த பயத்தில அவள் களவை விட்டிட்டாள், பாஸ்."

இப்போது கொட்டாஞ்சேனையில் என்னைக் கள்ளக் கரண்ட் பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் போய்ப் பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து வைத்துவிட்டு வருகிறேன்.