கொல்லையில் நட்ட கிளுவைக் கம்புகள்

எங்கள் கொல்லைக்குப் பின்னால் புதுசாக ரோடு போட்டார்கள். வீட்டைவிட உயரமான ரோடு. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் காலையில் அதில்தான் போகும். நானும் அதில்தான் காய் எடுக்கப் போகிறேன். மேலே இருந்து பார்த்தால் நாங்கள் குளிக்கிற கல் தெரியும். கல் மேல் இருக்கிற சோப்புகூடத் தெரியும். ஜீப்பில் யாரும் வேண்டுமென்று பார்ப்பதில்லை. ஆனாலும் கண் போகும். என் கண்ணே போனது.

அந்த நேரம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரோட்டுக்குப் பயந்து இருட்டோடு எழுந்து குளித்தாள். வயிற்றுப் பிள்ளையோடு ஈரக்கல்லில் ஒருநாள் சறுக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு மலையில் வேலை ஓடவில்லை.

வீட்டுக்காரர் தார்ப்பாய் கட்டினார். மலைக்காற்று கிழித்தது. தென்னங்கிடுகு கட்டினார். அதைத் தூக்கி அடுத்த தெருவில் போட்டது.

நான் காட்டு வேலிகளில் கேட்டுக் கிளுவைக் கம்பு வெட்டி வந்தேன். ஆள் உயரக் கம்பு. கிளுவை ஊன்றினால் தழைக்கும், எல்லாருக்கும் தெரியும். மலையில் மிளகுக்கொடி ஏற முள்முருங்கையை வெட்டின கையோடு நடுவோம். அங்கே ஈரம் காயாது, பிடித்துவிடும். அதே மாதிரி இங்கேயும் அன்றைக்கே நட்டேன். வேலை முடிந்து வந்து நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். மிஞ்சிய கம்பைக் கட்டாகச் சுவர் ஓரம், தண்ணீர் படாத வேறொரு கல் மேல் போட்டேன்.

நட்டது எல்லாம் கறுத்தது. ஆட்டினால் கையோடு வந்தது. அடி அழுகி நாறியது.

"வெறகுக்குத் தண்ணி ஊத்துன மொத ஆளு நீதான்" என்றார் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிறு அடுப்புக்கு ஆகட்டும் என்று சுவர் ஓரத்துக் கட்டைத் தூக்கினேன். கம்பு முழுக்கத் துளிர். அரிசி அரிசியாய்ப் பச்சை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, வேர் இல்லை. வெட்டின வாய் காய்ந்து மூடியிருந்தது. கட்டைக் கீழே போட மனசு வரவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். மகளைக் கூப்பிட்டேன். இடுப்பில் கை ஊன்றி மெதுவாக வந்து பார்த்தாள்.

"உசுர எங்கம்மா வச்சிருந்துச்சு?"

கட்டை மெதுவாக மண்ணில் இறக்கி வைத்தேன்.

அழுகினதைப் பிடுங்கிவிட்டுத் துளிர்த்ததை நட்டேன். பற்றாததுக்கு வேறு வெட்டி, நிழலில் காயப்போட்டு, அப்புறம் நட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை. அதுதான் கஷ்டம். குடத்தோடு போய்ப் போய்த் திரும்பி வந்தேன். வேலி தழைக்கும்வரை, ஜீப்புக்குப் போகுமுன் நான் சேலையை விரித்துப் பிடிப்பேன், அவள் குளிப்பாள். கை கடுக்கும். காற்றடித்தால் சேலை என் முகத்தில் சுற்றும். அவள் சிரிப்பாள்.

புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். ஐப்பசி மழை விழுந்ததும் கம்புக்குக் கம்பு இலை நெருங்கியது. சந்துகளில் கோவைக்கொடி, யாரும் நடாமல், தானாக வந்து ஏறிக்கொண்டது. மலையில் எத்தனையோ நட்டிருக்கிறேன். இதைப் பார்த்த மாதிரி எதையும் நின்று பார்த்ததில்லை.

ஒருநாள் காலை ஆள் ஏற, நான் உட்கார்ந்திருந்த ஜீப்பு எங்கள் கொல்லைக்கு மேலே நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒங்க வீட்டக் காணோம்? வித்துட்டீகளா?"

வண்டியே சிரித்தது. நானும் பார்த்தேன். கல் இல்லை, சுவர் இல்லை. பச்சைதான் இருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம். நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், மகள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.