மூன்று பேருக்கு வைத்த சூப்

ஹெட்விக் சாபெலுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், கோட்டு மறக்காது. வடக்கு பெர்லினில் நிலவறைக்குள் நடந்த ஒரு சின்ன நாடகக் கொட்டகையில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டித் திருப்பிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மார்க் நோட்டு குப்பைக்குச் சமமான வருஷத்தில் ஜனங்கள் அவளுக்கு இனாமாக முட்டை கொடுத்தார்கள். பிறகு ஊர் முழுக்க வேலை போயிற்று. கொக்கிகள் காலியாகத் தொங்கின. "நாடகத்துக்கு ஆளு வர்றாங்க எம்மி, கோட்டுதான் வரல. அது அடகுக் கடையில தொங்குது," என்று என்னிடம் சிரிப்பாள்.

கடைசியில் பழுப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எதையும் கழற்றிக் கொடுக்கவில்லை. தொப்பியும் இடுப்பு வாருமாக முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கே அவள் பின்வாசல் தாழ்ப்பாளை விலக்கி வைத்தாள்.

காரணம், மேடையில் நின்றவன் அவள் புருஷன் அல்வின். அவர்கள் தங்கள் தலைவருக்கு வைக்கும் வணக்கம் போலவே விறைப்பாகக் கையை நீட்டுவான். பிறகு மெதுவாக உள்ளங்கையை மேலே திருப்பி வானத்தைப் பார்ப்பான். "மழை இன்னும் வரல. வந்தா ஒதுங்க இடம் இருக்காது." அவ்வளவுதான் நகைச்சுவை. பின்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தவர்களில் எங்கள் கட்டடத்து லோமனும் ஒருவன். அப்போது அவனுக்கும் வேலை இல்லை, அல்வினோடு ஒரே வரிசையில் நிவாரணத்துக்கு நின்றவன்.

அடுத்த வசந்தத்தில் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். கூட நடித்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த ஒருவனுக்கு முன்பல் இல்லை, என்ன நடந்தது என்று சொல்லவும் வாய் இல்லை. அல்வின் பின்வாசல் வழியாகத் தப்பித்தான். அவன் ஒரு ஆட்டக்காரியோடு ஓடிவிட்டான் என்று ஹெட்விக் தானே மாடிப்படி முழுக்கச் சொல்லி அழுதாள். கீழ்வீட்டுக்காரி விடுவாளா? "அவ காலு அழகா இருந்திருக்கும்டி. உன் காலைப் பார்த்தா நானே ஓடிருவேன்!" ஹெட்விக் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

அவள் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அவளுடைய சாமான் அறையில் ஓர் ஆண்பிள்ளை இருமுவது எனக்குக் கேட்கும். வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான், வாயைத் தைத்துக்கொண்டேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று படுக்கவே பயமாக இருந்தது.

ஹெட்விக் கெட்டிக்காரி. சின்னச் சட்டியில் ஒருத்திக்கு மட்டும் சமைப்பாள். தின்று கழுவிவிட்டு, மறுபடி அதே சட்டியில் அவனுக்குச் சமைப்பாள். யார் எட்டிப் பார்த்தாலும் ஒற்றை ஆள் சமையல்தான் தெரியும்.

அக்டோபரில் புதிய உத்தரவு வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு யாரும் வறுத்த கறி தின்னக்கூடாது, வீட்டுக்கு ஒரே பானைச் சமையல், மிச்சப்படும் காசு அரசாங்க உண்டியலுக்கு. எங்கள் கட்டடத்தில் உண்டியலைத் தூக்கி வந்தவன் லோமன். இப்போது அவன்தான் கட்டடத்துக்குப் பழுப்புச் சட்டைக்காரர்கள் வைத்த கண்காணிப்பாளர். புது பூட்ஸ். கதவைத் தட்டுவான், நேரே அடுப்பங்கரைக்குப் போவான், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான்.

என் வீட்டுக் கோசுக்கறியைப் பார்த்துவிட்டு ஹெட்விக் வீட்டுக்குப் போனான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உப்புக் கேட்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

அடுப்பில் பெரிய பானை. ஒரே பானை நாளில் அடுப்பு இரண்டாம் முறை எரிந்தால் அதுவே குற்றமாகிவிடுமோ என்று பயந்து, ஹெட்விக் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தாள். லோமன் மூடியைத் திறந்தான். பட்டாணி சூப் விளிம்பு வரை தளும்பியது.

"என்ன ஃபிராவ் சாபெல், ஒத்தை ஆளுக்கு இவ்வளவா?"

"எங்க ரெண்டு பேருக்கும்தான்," என்று நான் முந்திரிக்கொட்டையாக நீட்டினேன்.

"உங்க கோசை இப்பத்தானே பார்த்தேன் ஃபிராவ் மெர்டன்ஸ். உங்களுக்கென்ன ரெண்டு வயிறா?"

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். ஹெட்விக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"உங்களுக்குத்தான் வச்சேன், ஹெர் லோமன். வீடு வீடா மோந்து மட்டும் பார்த்துட்டுப் போறீங்க. ஒரு வாய் சாப்பிடுங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

அவன் திகைத்துப்போனான். பிறகு உட்கார்ந்தான். அவன் நாற்காலியின் முதுகு சாமான் அறைக் கதவை ஒட்டி இருந்தது. ஒரு தட்டு தின்றான், இன்னொன்று கேட்டான். வயிறு நிறைந்ததும் முகம் மலர்ந்தது.

"உங்க வீட்டுக்காரர் பண்ணுவாரே, அது எப்படி?" கையை விறைப்பாக நீட்டி உள்ளங்கையைத் திருப்பினான். "மழை இன்னும் வரல. வந்தா... நனைஞ்சிருவோம்."

சொதப்பிவிட்டான். எங்களைப் பார்த்தபடி காத்திருந்தான். சிரித்தால் தலைவரைப் பார்த்துச் சிரித்த குற்றம். சிரிக்காவிட்டால் இவனை அவமதித்த குற்றம். ஹெட்விக் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள், யாருக்கும் வேண்டாத துண்டுகளை.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது. அடக்கி அடக்கி, கடைசியில் தெறித்துவிட்ட இருமல்.

நான் பெரிதாக இருமினேன். ஹெட்விக்கும் இருமினாள். லோமன் கரண்டியைக் கீழே வைத்தான், திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, பானையை எட்டிப் பார்த்து, மூடியைச் சரியாகப் போட்டான். வாசலில் நின்று தொப்பியை மாட்டினான்.

"அடுத்த மாசம் மூணு பேருக்கு வையுங்க, ஃபிராவ் சாபெல். என்னையும் சேர்த்து."

அது இரக்கமா, கண்ணியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியம் யாருக்கு இருந்தது? மறுநாள் காலை ஆலைக்குப் போகிற கூட்டத்தோடு அல்வின் கிளம்பினான், செக் எல்லை மலைகளைப் பார்த்து. யாரோ கொட்டகையில் விட்டுப்போன ரயில்வேக்காரன் கோட்டை ஹெட்விக் அவனுக்கு மாட்டிவிட்டாள். பொத்தானை எல்லாம் அவளே போட்டாள்.

அதற்குப் பிறகும் மாதாமாதம் அவள் மூன்று பேருக்கே சமைத்தாள். பானை குறைந்தால் ஆள் ஓடிவிட்டது தெரிந்துவிடும், எல்லைக்குத் தகவல் பறக்கும். லோமன் வருவான், மூடியைத் திறப்பான், உட்கார்ந்து தன் பங்கைத் தின்பான், உண்டியலோடு போவான். கதவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அல்வினிடமிருந்தும் ஒரு வார்த்தை இல்லை. அவன் அகப்பட்டிருந்தால் உண்டியலோடா வருவார்கள், விலங்கோடு வந்திருப்பார்கள் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். எந்த பூட்ஸ் சத்தத்துக்கு நடுங்கினாளோ, அதையே ஞாயிறு காலையில் காதைத் தீட்டிக்கொண்டு எதிர்பார்த்தாள்.

மார்ச் மாத ஞாயிற்றில் லோமன் போன பிறகு நான் உள்ளே போனேன். மேசையில் இரண்டு எச்சில் தட்டுகள் இருந்தன. ஹெட்விக்கைக் காணோம். சாமான் அறைக் கதவைத் திறந்தேன். அல்வின் ஒளிந்திருந்த இடத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூன்றாவது பங்கை அவள் தின்றுகொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்து எம்மி," என்றாள். "உள்ள ஆள் இருக்கு."