யோகமலரின் பெரட்டு

யோகமலருக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று தேயிலைத் தோட்டத்தில் யார் கேட்டாலும் அண்ணன் ஜெயகாந்தன் ஒரே பதில்தான் சொல்வார்.

"தலையும் வாலும் செய்யிறா."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது சரியான விளக்கம். அங்கே ஒவ்வொரு பீடத்துக்கும் தனித்தனி இணையத்தளம். நடுவில் என்ன போடுவது என்பது அந்தந்தப் பீடத்தின் பாடு. மேலே வரும் சின்னமும் பெயரும், கீழே வரும் விலாசமும் தொலைபேசி இலக்கங்களும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொது டெம்ப்ளேட்டைத் திருத்தி எல்லாப் பீடத்துக் கணினிகளுக்கும் அனுப்பிவைப்பதுதான், தலவாக்கலைப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயமொன்றில் வளர்ந்த யோகமலரின் வேலை. அவள் வருவதற்கு முன் ஒரு பீடத்தில் சின்னம் நீலம், இன்னொன்றில் சிவப்பு. ஓய்வுபெற்றுப் போன பதிவாளர் ஒருவர் மூன்றாவது பீடத்தின் பக்கத்தில் இன்னும் பதவியில் இருந்தார்.

2007இல் அவளுக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. மேலாளர் மயூரதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், பொறுமைதான் கொஞ்சம் குறைவு.

"அனுப்பினனான் எண்டு சொன்னால் காணாது பிள்ளை, போய்ச் சேரவேணும்" என்றார். "இனியும் ஒரு பீடம் விட்டுப்போனால், அவையவை தங்கட பாட்டைப் பாக்கட்டும் எண்டு மேலிடம் சொல்லிப்போடும். பிறகு உமக்கும் இஞ்ச வேலை இராது."

யோகமலர் யோசித்தாள். தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் கூடுவார்கள். பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அதையே கணினிக்கும் வைத்தாள்; பேரும் பெரட்டுத்தான். டெம்ப்ளேட் போனதும் ஒவ்வொரு பீடத்துக் கணினியும் "கிடைத்தது" என்று பதில் அனுப்பவேண்டும். பதில் வராத கணினிக்கு மறுபடியும் போகும்.

"பெரட்டோ? நல்ல பேர்தான்" என்று சிரித்தார் சேர்.

மாணவிகள் விடுதியின் தொலைபேசி இலக்கம் மாறியபோது பெரட்டு நன்றாக நடந்தது. எல்லாக் கணினிகளும் குரல் கொடுத்தன. அவளும் தன் மேசையிலிருந்தே பக்கங்களைத் திறந்து பார்த்தாள். எங்கும் புது இலக்கம். சேர் மேலிடத்துக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டார். யோகமலர் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள்.

செய்த வாலைக் காட்டு என்று அண்ணன் விடவில்லை. தலவாக்கலையில் சின்னராசாவின் இன்டர்நெட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே கீழ் லயத்துச் சர்மிளா, காதில் தொலைபேசியோடு விழித்துக்கொண்டிருந்தாள். விவசாய பீடத்துக்குத் தெரிவாகியிருந்த பிள்ளை. விடுதியில் இடம் கேட்க அந்த வாரந்தான் கடைசி.

"மலரக்கா, இவரு என்னமோ 'குக்குளோ கீயக் ஓனத'ன்னு கேக்குறாரு."

"கோழி எத்தன வேணும்னு சிங்களத்துல கேக்குறாரு" என்றார் சின்னராசா. "நீ விடுதிக்கு எடுத்தியா, பண்ணைக்கு எடுத்தியா?"

"இதுல உள்ள நம்பருக்குத்தான் எடுத்தேன்!"

யோகமலர் திரையை எட்டிப் பார்த்தாள். விவசாய பீடத்துப் பக்கம். அடியில் பழைய இலக்கம். அது இப்போது ஏதோ கோழிப் பண்ணைக்குப் போயிருந்தது.

"ஏங்க ஜெயகாந்தன், இதுதான் ஒங்க தங்கச்சி செஞ்ச வாலா?" என்றார் சின்னராசா.

"சும்மா இருங்க நீங்க" என்றார் அண்ணன். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "என்ன புள்ள?"

"எல்லாம் கிடைச்சிருச்சுன்னு பதில் வந்திச்சுண்ணே. இது எப்படி...?"

சர்மிளாவுக்குப் புது இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள். மற்றப் பீடங்களையும் அங்கேயே திறந்து பார்த்தாள். அவை சரி. சட்டென்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா விறகுக்குப் போன காலைகளில், அம்மாவின் பேருக்கும் பக்கத்து வீட்டு அத்தைதானே பெரட்டில் குரல் கொடுப்பார்! இங்கேயும் யாரோ யாருக்காகவோ குரல் கொடுத்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் மயூரதன் சேரின் நினைவு வந்தது. சேர் மேலிடத்துக்குச் சொல்லி முடித்துவிட்டாரே. பேசாமல் இருந்து நாளைக்குத் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது.

கடைத் தொலைபேசியிலேயே சேரைக் கூப்பிட்டாள்.

"சேர், விவசாய பீடம் போய்ச் சேரலை."

"எல்லாம் சரியெண்டெல்லோ சொன்னனீர்?"

"நான் பேரத்தான் சேர் கூப்பிட்டேன். மொகத்தப் பாக்கல."

அந்தப் பக்கமிருந்து "நாளைக்கு வாரும், பாப்பம்" என்று மட்டும் வந்தது.

திங்களன்று நேரே விவசாய பீடத்துக்கே போய்ப் பார்த்தாள். விஷயம் எளிதுதான். பீடம் புதுக் கணினி வாங்கியிருந்தது. டெம்ப்ளேட்டை வாங்கிப் பதில் சொன்னது அதுதான். பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்கும் அதுவே தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கோ மூலையில் கிடந்த பழைய கணினியே இன்னும் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, வெளியாட்களையும் புதியதற்கே திருப்பிவிட்டு, சின்னராசாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். அண்ணன் அங்கே காத்திருந்தார்.

"கடைசி வரிய வாசிங்கண்ணே."

அவர் ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு பின்னிருந்து முன்னாகவும் ஒரு தடவை வாசித்தார்.

மயூரதன் சேர் அன்றே மேலிடத்துக்குப் போய், தாம் சொன்னது பிழை என்று தாமே சொன்னார். முகம் சிவக்கத் திரும்பி வந்தார். "வேலை இருக்கு, பிள்ளை. ஆனால் இனி வெளியில நிண்டு பாக்கிற ஆள் ஒண்டு வேணும்." அப்படி ஒன்றை யோகமலரே செய்தாள். கணினியிடம் கிடைத்ததா என்று கேட்பதோடு நில்லாமல், ஊர் பேர் தெரியாத ஒருவர் போல வெளியிலிருந்து பக்கத்தைத் திறந்து, அடிவரியை வாசித்துப் பார்க்கும் ஒரு புரோகிராம்.

அடுத்த முறை சின்னம் மாறியபோது சேர் அவசரமாக வந்தார். "போய்ச் சேந்திட்டுதோ? மேலிடம் கேக்குது."

"பதில் வந்திருச்சு சேர். வெளியில இருந்து இன்னும் பாக்கல."

சேர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.