கனடா ஒயிலோடு சந்நிதிக்கு ஒரு முதலோட்டம்

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோப்பாயிலிருந்து தொண்டைமானாறு செல்வச்சந்நிதி கோயில்வரை ஒரு பழைய காரில் போனேன். தூரம் ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர். ஓட்டோவில் போனால் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எனக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. வழியில் இரண்டு தடவை வாந்தி வருவதாக நடித்தேன். பழைய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணம் சுற்றிப்பார்க்கலாமா என்று எனக்கு எழுதிக் கேட்பவர்கள் முதலில் இதை வாசித்துவிடுங்கள்.

நான் திருகோணமலைக்காரி. பழைய வாகனங்களில் ஏறிப் பயணம் போய் அதைப் பற்றி எழுதுவது என் பழக்கம். கோப்பாயில் ரஞ்சன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கலியாண வீடுகளுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடும் ஒரு கார்தான் அவருடைய தொழில். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் செய்த ஆங்கிலேயர் கார், நாலு பேர் நெருக்கியடித்து உட்காரலாம். அந்தக் காரின் எஞ்சினுக்குள் ஒயில் ஓடும் விதத்தையே மாற்றியிருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் வியாழக்கிழமை அவருடைய கராஜுக்குப் போனேன்.

இயந்திரக் கதை பிடிக்காதவர்களும் இந்த ஒரு பந்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை இதில்தான் தொங்குகிறது. இன்றைய எஞ்சின்களில் பம்ப் ஒன்று ஒயிலை அழுத்தத்தோடு தேவையான இடமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் காலத்துச் சின்ன எஞ்சின்களில் அப்படியில்லை. பம்ப் மெல்லப் பீச்சியடிக்கும், சுற்றுகிற தண்டு அதை எட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடித்தால் உண்டு, பிடிக்காவிட்டால் தேய்மானம். குளிர்நாட்டில் அது சமாளித்துவிடும். எங்கள் வெயிலில் ஒயில் தண்ணீராக இளகி, பீச்சுவதும் தளர்ந்துபோகும். ரஞ்சன் அண்ணை பெரிய பம்ப் ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து செப்புக் குழாய் இழுத்து, தண்டின் பெயாரிங்குகளுக்கு ஒயில் நேரே போகும்படி செய்திருந்தார். முன்பலகையில் அழுத்தம் காட்டும் முள் ஒன்றும் புதிதாகப் பூட்டி, முள் இறங்கக்கூடாத இடத்தில் மகளின் கியூரெக்ஸால், அந்த நகப்பூச்சால், ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

அந்த முள் கோட்டுக்குக் கீழே போய் அப்படியே நின்றால் பெயாரிங்குகளில் பூசிய வெள்ளை உலோகம் உருகிவிடும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம், உதிரிப்பாகத்தை உலகமெல்லாம் தேடிப்பிடிக்கவேண்டும். வைகாசியில் அவருக்கு நாலு கலியாண ஓட்டம் பேசியிருந்தது. இது ஓடாவிட்டால் தனக்கு வேறு வருமானம் இல்லை என்றும் சொன்னார்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதியாகவேண்டும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கிடைத்த ஒயிலைத்தான் விட்டார்கள், அதையே வடித்து வடித்துத் திரும்பவும் விட்டார்கள். அந்தப் பிசுக்கு இன்னமும் எஞ்சினின் மூலை முடுக்குகளில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தொட்டிக்குள், தேநீர் வடியைப் போல ஒரு கம்பிவலை வடி இருக்கிறது. ஒயில் அதன் வழியாகத்தான் பம்புக்குப் போகவேண்டும். அந்த வடியை என் கண் முன்னால் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

“இவளுக்குப் பழைய மாதிரித் தடிச்ச ஒயில்தான் விடவேணும், தங்கச்சி. இப்ப வாற ஒயிலுக்குள்ள அழுக்குக் கழுவுற மருந்து கிடக்கு. அதை விட்டால் உள்ளுக்க காய்ஞ்சு கிடக்கிற பிசுக்கெல்லாம் ஒரேயடியா இளகி வந்து வடியை அடைச்சுப்போடும்.”

மறுநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது வீட்டில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தார். ரஞ்சன் அண்ணையின் தம்பி சிவம், கனடாவிலிருந்து முதல்நாள் இரவு வந்து இறங்கியிருந்தார். அண்ணனைவிட நாலைந்து வயது இளையவர், பேச்சும் சிரிப்புமாக இருந்தார். எஞ்சின் வேலை முடிந்தால் முதலோட்டம் சந்நிதிக்குத்தான் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு புறப்படவேண்டும். கோயில் வாசல்வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. சிவம் தேங்காயும் கற்பூரமும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். நான் முன்னால். ரோட்டைப் பார்ப்பது தன் வேலை, முள்ளைப் பார்ப்பது என் வேலை என்று ரஞ்சன் அண்ணை பிரித்துக் கொடுத்தார்.

முதல் சில கிலோமீட்டர் சுகமாகப் போயிற்று. நீர்வேலி வாழைத் தோட்டங்களில் தண்ணீர் இறைப்பு நடந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுக் கை காட்டினார்கள். அப்போதுதான் சிவம் முன்னால் குனிந்து, எஞ்சின் சத்தம் பட்டுப்போல இருக்கிறதே, எல்லாம் ஒயிலின் குணம் என்றார். எனக்கு விளங்கவில்லை. கனடாவில் கிடைக்கிற ஆக உயர்ந்த ஒயில், ஐந்து லீற்றர், சூட்கேசில் சொக்லேற்றையெல்லாம் குறைத்துவிட்டுக் கொண்டுவந்ததாகவும், இரவே அண்ணையும் தானுமாக ஊற்றிவிட்டதாகவும் சிவம் பெருமையோடு சொன்னார். விமான நிலையத்தில் எப்படி விட்டார்களோ தெரியாது.

நான் திரும்பி ரஞ்சன் அண்ணையைப் பார்த்தேன். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பேசாதே என்பதுபோல் தலையை மட்டும் இலேசாக ஆட்டினார். நான் முள்ளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிறுப்பிட்டி தாண்டும்போது முள் இறங்கத் தொடங்கியது. புத்தூரில் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாய் திறக்காமல் விரலால் காட்டினேன். பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. கொஞ்சம் நிறுத்துவோமா அண்ணை என்று கேட்டேன்.

“முதலோட்டத்தில நடுவில நிப்பாட்டுறேல்லை, தங்கச்சி.”

சொல்லும்போது அவர் கண் பின்பார்வைக் கண்ணாடி வழியாகப் பின்னால் இருந்த தம்பியிடம் போய் வந்தது. அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவரைத் தடுப்பது வழக்கமுமில்லை, சாமியுமில்லை. எஞ்சினுக்காக நிறுத்தினால் காரணம் தேடவேண்டும், தேடினால் வடி அடைத்திருப்பது தெரியும், தம்பி ஆசையாகக் கொண்டுவந்த ஒயில்தான் காரணம் என்பது தம்பிக்கே விளங்கிவிடும். அதற்காக எஞ்சினைக் கொல்லத் துணிந்துவிட்டார் மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் இறக்கி நடக்கவிட்டிருப்பேன், ஆனால் கார் என்னுடையதல்ல.

முள் கோட்டுக்குக் கீழே போனது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தி வருகிறது, அதிர்வு தாங்கமுடியவில்லை, எஞ்சினை நிறுத்துங்கள் என்று முனகினேன். உடம்பு சரியில்லாத வருத்தக்காரருக்கு வழக்கம் விட்டுக்கொடுக்கும் போலும். நான் சொல்லி முடிக்கமுன் ரஞ்சன் அண்ணை சாவியைத் திருப்பிவிட்டார். ஆவரங்காலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புகையிலைத் தோட்டத்து வேலியோரம் நான் குனிந்து நின்று நடித்தேன். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு யாழ்ப்பாண வெயில் தாங்காது என்று சிவம் சொன்னது காதில் விழுந்தது. நான் திருகோணமலை என்று திரும்பிச் சொல்லக்கூட முடியாத நிலை.

பத்து நிமிடம் கழித்து எஞ்சினை எழுப்பியதும் முள் ஏறி நின்றது. பம்ப் உறிஞ்சுவது நின்றால் வடியில் ஒட்டிய பிசுக்கு தானாகவே கீழே உதிர்ந்துவிடும் என்று அப்போதுதான் ஊகித்தேன். ஆனால் அது தொட்டிக்குள்தான் கிடக்கும், ஓடினால் மறுபடியும் வந்து ஒட்டும். அச்சுவேலிச் சந்திக்கு வரும்போது முள் மறுபடியும் கோட்டுக்கு வந்துவிட்டது. நானும் மறுபடியும் வயிற்றைப் பிடித்தேன்.

சிவம் எனக்குச் சோடா வாங்க எதிர்க்கடைக்குப் போனார். அந்த இடைவெளியில் ரஞ்சன் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன். என்னென்ன கேட்டேன் என்று முழுக்க எழுதவில்லை. நேற்று எனக்குப் பாடம் எடுத்த வாயால் தம்பியிடம் ஒரு சொல் சொல்ல முடியவில்லையா என்பதுதான் சாரம். அவர் சூடான எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

“பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்தவன், தங்கச்சி. பெட்டியைத் திறந்து முதல் எடுத்ததே உந்த ஒயிலைத்தான். வேண்டாமெண்டு எந்த வாயாலை சொல்லுறது? எஞ்சின் போனால் போகட்டும் எண்டுதான் நினைச்சன்.”

எனக்கு அதற்குமேல் கோபித்துக்கொள்ளத் தெரியவில்லை. சிவம் சோடாவோடு வந்தார், நான் வேண்டாவெறுப்பாக இரண்டு மிடறு குடித்தேன், புறப்பட்டோம்.

அச்சுவேலிக்கு அப்பால் வீடுகள் குறைந்து, வெட்டை வெளியும் உவர்க்காற்றுமாக இருக்கும். நிழல் கிடையாது. இந்தத் தடவை முள் படிப்படியாக இறங்கவில்லை. ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நேரே அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, மூடிய கதவுக்கு உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி. ரஞ்சன் அண்ணை அப்போதும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் பயத்தில் நடிக்கவே மறந்துபோய், வெறுமனே அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. தங்கச்சிக்குச் சத்தி வருகுது.”

சிவம்தான் பின்னாலிருந்து சொன்னார். கார் நின்றது. நான் வயிற்றில் கை வைக்கவுமில்லை, வாயைப் பொத்தவுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. இறங்கிக் குனிந்து நின்றேன். இந்த முறை அரைமணி நேரம் நின்றோம். என் உடம்பு தேறும்வரை அவசரப்படவேண்டாம் என்று சிவம் அண்ணனை அதட்டியே சொல்லிவிட்டார். பிறகு மாட்டுவண்டி வேகத்தில் மீதித் தூரத்தை ஊர்ந்து, சந்நிதி வாசலில் போய் நின்றோம்.

தேங்காய் உடைத்தார்கள். அந்தக் கோயில் முறைப்படி வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசகர் தீபம் காட்டினார். ரஞ்சன் அண்ணை கண்ணை மூடி நிற்க, சிவம் என்னை ஆற்றங்கரைப் பக்கமாக அழைத்துப்போனார். மடத்தில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற வாசம் வந்தது, எனக்குச் சரியான பசி. சத்தியெடுத்தவள் எப்படிப் போய்ப் பந்தியில் குந்துவது?

“வாங்கோ, சாப்பிடுவம். உங்களுக்கு ஒரு வருத்தமுமில்லை, ஒயிலுக்குத்தான் வருத்தம்,” என்றார் சிவம். “அச்சுவேலியில நீங்கள் இறங்கி ஏறினாப் பிறகு முள்ளும் ஏறினதைக் கண்டனான். மண்ணெண்ணெயில ஓடின காலத்துப் பிசுக்கை நான் கொண்டுவந்த ஒயில்தான் இளக்கி வடியை அடைக்குது எண்டு அப்பவே விளங்கீற்றுது. தயவுசெய்து அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்குத் தெரிஞ்சுபோச்செண்டு அறிஞ்சால் அந்தாள் தாங்காது.”

தலையாட்டினேன். பிறகு மூன்று பேரும் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். இரண்டாம் தடவையும் சோறு வாங்கினேன்.

திரும்பும்போது நடந்தது தனி நாடகம். தனக்குக் களைப்பாக இருக்கிறது, ஓட்டோவில் போகலாம், கார் இங்கேயே சொந்தக்காரர் வீட்டில் நிற்கட்டும் என்றார் சிவம். முதலோட்டம் வந்த வாகனம் சந்நிதியானடியில் ஒரு கிழமை நிற்பது நல்லதுதான் என்றார் ரஞ்சன் அண்ணை. அப்படியொரு வழக்கம் இருப்பதாகக் காலையில் யாரும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகச் சோற்றில் மறைத்தார்கள், நான் நடுவில் இருந்து ஓட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தம்பி விமானம் ஏறிய பிறகுதான் ரஞ்சன் அண்ணை எஞ்சினைத் திறந்தார். வடி முழுக்கக் கறுத்த கூழ். ஒரு பெயாரிங்கில் கீறல் விழுந்திருந்தது, மற்றவை தப்பிவிட்டன. கீறலைச் சுரண்டிச் சரிசெய்து, உள்ளேயெல்லாம் கழுவி, தடித்த ஒயில் விட்டு, வைகாசிக் கலியாணங்கள் நாலும் ஓடி முடித்துவிட்டார். கனடா ஒயில் வந்த தகர ரின் கராஜில், வீடியோ அழைப்பில் நன்றாகத் தெரிகிற உயரத்தில் நிற்கிறது. தம்பி ஒவ்வொரு தடவையும் ஒயில் எப்படி என்று கேட்கிறாராம், இவரும் நல்லாயிருக்கு என்கிறாராம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். விடிய வெள்ளனப் புறப்படுங்கள், பத்து மணிக்கு மேல் பழைய எஞ்சின்களுக்கு எங்கள் வெயில் ஆகாது. சந்நிதியிலிருந்து கோப்பாய்க்கு ஓட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தோம், பேசி ஏறினால் குறையலாம். காரில் ஏறமுன் என்ன ஒயில் விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், அழுத்தம் காட்டும் முள் இருந்தால் அதன் அருகில் உட்காருங்கள். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள், சொந்தக்காரரிடம் பழைய கார் இருந்தால் சொக்லேற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கோப்பாயிலும் கனடாவிலும் இருக்கிற இரண்டு பேருக்கு இது யாருடைய கதை என்று முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். உங்கள் இருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இதை வாசித்ததாக மற்றவருக்குச் சொல்லிவிடாதீர்கள்.