பாஞ்சாலி அத்தையின் குதிரைக்கு வெல்லம் ஆகாது

திண்டிவனம் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டும் ஒரே பொம்பளை எங்கள் பாஞ்சாலி அத்தைதான். மாமா போன பிறகு வண்டியை விற்றுவிடச் சொன்னவர்களிடம், குதிரையை வாங்குகிறவன் என்னையும் சேர்த்து வாங்குவானா என்று கேட்டவள். எதற்கும் பயப்படாதவள் என்று ஊரே சொல்லும். எண்பத்தாறாம் வருஷம் சித்திரை வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் மட்டக்குதிரை சிட்டு வழக்கம்போல் முடி உதிர்க்கவில்லை. கொளுத்தும் வெயிலில், கம்பளி போர்த்தியது மாதிரி விரல் நீளச் சுருட்டை முடியோடு வேர்த்து நின்றது. முன்பு நாலு வாளி தண்ணீர் குடித்தது இப்போது எட்டு வாளி குடித்தது. குடித்ததையெல்லாம் கொட்டிலிலேயே விட்டது.

அத்தை அந்த மூத்திரத்தை ஊறுகாய் பாட்டிலில் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். கூடப் போன நான், அது என்ன என்று கேட்ட பெரியவரிடம் நெல்லிக்காய் ரசம் என்றேன். அத்தை சிரிக்கவில்லை.

டாக்டர் சக்கரபாணி அடுத்த வாரமே வந்து சிட்டுவைத் தடவிப் பார்த்தார். மூளைக்கு அடியில் மல்லாட்டைப் பருப்பு அளவு, ஒரு வேர்க்கடலை அளவு, ஒரு சுரப்பி இருக்கிறதாம். வயசானதும் அது வீங்கி, நிறுத்தத் தெரியாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறதாம். முடியும் தாகமும் அதனால்தானாம். குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்றார். மருந்து, பிள்ளைகளுக்குப் பசியெடுக்கக் கொடுக்கிற அதே மாத்திரைதான். தவிடு, கம்பு, வெல்லம் எதுவும் கூடாது. வைக்கோலைக்கூட ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஹார்மோனை அளக்க இங்கே வசதியில்லாததால், நீல மருந்துத் தண்ணீர் ஒரு பாட்டிலும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் கொடுத்தார். குழாயில் கொஞ்சம் மருந்தோடு சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை பரவாயில்லை, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை தலைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். முடியைக் கத்தரித்துவிடவும் சொன்னார்.

போகும்போது திரும்பி நின்றார். "இனிப்பு உள்ள போச்சின்னா குளம்புக்குள்ள எலும்பு எறங்கிடும்மா. அப்புறம் எங்கிட்ட உசுரப் போக்குற ஊசி ஒண்ணுதான் இருக்கும்."

அன்றைக்குத்தான் அத்தையின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

மாத்திரையைப் பொடித்துச் சுரைக்காய்த் தோலில் மடித்து ஊட்டினாள். தினமும் காலையில் குழாயைக் காய்ச்சினாள். மூன்று வாரத்தில் சிவப்பு பச்சையானது. முடியை வெட்டுவதை மட்டும் தள்ளிக்கொண்டே போனாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கு வேறு வேலை என்ன? வண்டியில் வரும் பூக்காரி துரைக்கண்ணு அக்கா முடியைப் பற்றிக் கேட்டபோது, சிட்டு மேல் மாரியாத்தா இறங்கியிருக்கிறாள், அது சடாமுடி என்று சொல்லி வைத்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அத்தை மாத்திரை வாங்க விழுப்புரம் போயிருந்தாள். துரைக்கண்ணு அக்காவோடு நாலு பேர் மாவிளக்கு கொண்டுவந்தார்கள். அரிசிமாவும் வெல்லமும் பிசைந்த உருண்டைகள். அவர்கள் குதிரையைச் சுற்றி வருவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. உருண்டை சிட்டுவின் வாய்க்குப் போனபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாமி விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தால் தோலை உரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒன்று விடாமல் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை குழாயில் செங்கல் நிறம். சிட்டு முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நடுங்கியது. குளம்பைத் தொட்டால் தோசைக்கல். நான் மாவிளக்கு வந்த கதையை மட்டும் சொன்னேன். அத்தை கொட்டில் தரையைக் கொத்தினாள். குளம்பு குளிர, குடம் குடமாக ஊற்றிச் சேறாக்கினோம்.

அந்நேரம் பார்த்து மறுபடியும் தட்டுகளோடு வந்தார்கள். ஆத்தா காலை நீட்டி உட்காரப் பார்க்கிறாள் என்றாள் துரைக்கண்ணு அக்கா. அத்தை அவர்களைப் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கத்திரியை எடுத்தாள்.

"பாஞ்சாலி, அந்த முடியில கத்திரி வச்சே, ரெண்டு கண்ணும் அவிஞ்சிடும்டி" என்று அக்கா கத்தினாள்.

அத்தை கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். "தனம், நெசமா சொல்லு. நீதான் சொன்னியாமே, ஆத்தா எறங்கினத நீ பாத்தியா?"

அது ஆத்தாவின் சடையோ என்ற பயத்தை அவளும் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இல்ல அத்தே. நான்தான் கட்டிவுட்டேன். சும்மா வெளையாட்டுக்கு."

"இவ வாயில அப்படி வரவச்சதே ஆத்தாதான்" என்றாள் துரைக்கண்ணு அக்கா.

அத்தை குனிந்து சிட்டுவின் குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பிடின்னா எங்கண்ணு போவட்டும்" என்று கழுத்து முடியில் கத்திரியை வைத்தாள். சேற்றில் முதல் கொத்து விழுந்ததும் தட்டுகள் கலைந்து போயின.

நாலு நாள் நான் கொட்டிலை விட்டு நகரவில்லை. சேறு காயாமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊசி, ஊசி என்றே மனசு அடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை சிட்டு வலது முன்னங்காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி, முன்னால் ஊன்றி, வைக்கோலுக்கு ஓர் அடி வைத்தது.

அத்தை என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. உள்ளே போனாள். எட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மறு கண்ணால் காலண்டரைப் படித்தாள். பிறகு கையை மாற்றிப் பொத்திக்கொண்டு படித்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வைக்கோலை வடிக்கப் போய்விட்டேன்.