நிலம் துடைக்க வைத்த மாப்பிள்ளை

சாய்ந்தமருதில் மெத்தைக் கதிரைக் கடை வைத்திருக்கும் ஸிராஜுக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான்: ஆளைப் பிடித்து மெத்தையில் சாய்த்துவிடுவது. பஸ் இருக்கைகளுக்கு ரெக்சின் தைத்துப் பழகிய கை. கலியாணமாகிப் பல வருடம் கழித்து மனைவி நிஹ்லா உண்டானபோது, வந்திருந்த ஓடரையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அவளுக்கென்றே ஒரு சாய்வுக் கதிரை செய்தான். உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே அமிழ்ந்து கால் மேலே வந்துவிடும். எழும்புவதற்கு அவனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஓடி வருவான். தேத்தண்ணி, சோறு, போன் எல்லாம் கதிரைக்கே போயின.

ஊர் வழக்கப்படி அவன் குடியிருந்தது நிஹ்லாவின் வீட்டில். அடுத்த வளவில் மாமியார் சபியா உம்மா. "மருமகன் எண்டா மருமகன்தான்" என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எட்டாம் மாதத்தில் நிஹ்லாவுக்கு முதுகு நொந்தது. ஸிராஜ் ஒரு தலையணை வைத்தான். நோவு கூடியது. இன்னொன்று வைத்தான்.

காரைதீவிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மருத்துவிச்சி தங்கேஸ்வரி மிஸ், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கதிரையைப் பார்த்தார்.

"தலை கீழதான் இருக்கு. ஆனா பிள்ளைட முதுகு தாய்ட முதுகுப் பக்கம் கிடக்கு. அதுதான் இந்த நோவு. இந்தக் கதிரையை ஆர் தந்தது?"

"நான்தான் மிஸ், என்ட கையால செஞ்சது" என்றான் ஸிராஜ், பாராட்டுக்குக் காத்திருந்து.

"எடுத்து ஒரு பக்கம் போடுங்க தம்பி."

பின்னால் சாயக் கூடாது, நிமிர்ந்து சற்று முன்னால் வளைந்து இருக்க வேண்டும், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், படுத்தால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், நன்றாக நடக்க வேண்டும் என்றார் மிஸ். இடைக்கிடை கையையும் முழங்காலையும் ஊன்றி நின்றால் முதுகுப் பாரம் இறங்கும், பிள்ளைக்கும் திரும்ப இடம் கிடைக்கும்.

"அப்பிடிச் செஞ்சா திரும்பிருமா மிஸ்?"

"கட்டாயம் எண்டு சொல்லமாட்டன். கன பிள்ளைகள் பிள்ளைப்பேற்று நோவு தொடங்கின பிறகு தன்பாட்டில திரும்பும். திரும்பாமலும் பிறக்கும். ஆனா இவக்கு முதுகு நோவு குறையும். அது போதாதா?"

நாலு காலில் சும்மா நிற்க நிஹ்லாவுக்கு வெட்கம். "ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க மச்சான்? கையில ஒரு துணியாவது தாங்க" என்றாள். அப்படித்தான் ஈரத்துணியோடு விறாந்தையைத் துடைக்கத் தொடங்கினாள். சில நாளில் நோவு லேசாகி முகமும் தெளிந்தது. ஸிராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. மெத்தைத் துண்டொன்றை அவள் முழங்காலுக்குக் கீழே வைத்து, அவள் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டே போனான்.

அவன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் சபியா உம்மா வந்தார், எதிர்வீட்டு ஹுஸ்னியாவையும் கூட்டிக்கொண்டு. பகல் சோற்றுக்கு வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நிறைமாசப் புள்ளைய நிலம் துடைக்க வெச்சிட்டீங்களே மருமகன்!"

"உம்மா, மிஸ்தான் சொன்ன" என்றாள் நிஹ்லா, தரையில் இருந்தபடியே.

"மாப்பிள்ளையக் காப்பாத்தக் கதைக்காத புள்ள!"

பின்னேரம் அஸர் தொழுகைக்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. கடைக்கு வந்த ஒருவர் கதிரையின் விலையைக் கேட்கவில்லை. "வீட்டில எல்லாம் சுகமா?" என்று இழுத்துக் கேட்டுவிட்டுப் போனார். மனைவியைத் தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தூக்கவிடாத மனிதன், ஒரே பகலில் கொடுமைக்காரனாகிவிட்டான். மறுத்துப் பேசினால் பொய்க்காரனும் ஆகிவிடுவான் என்று தையல் மெஷினில் குனிந்துகொண்டான்.

நோவு கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை எந்த நேரத்தில் திரும்பியது என்று யாருக்கும் தெரியாது. திரும்பி, சுகமாகப் பிறந்தது. பெண் பிள்ளை. அது வழமையாக நடப்பதுதான் என்றார் டொக்டர். சபியா உம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நிலம் துடைச்சாள், புள்ள வழுக்கிட்டு வந்திச்சி" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "நான்தான் துடை துடை எண்டு சொன்னன்."

ஸிராஜ் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தப் புதிய வைத்தியத்தை முதலில் கையில் எடுத்தவர் ஹுஸ்னியா. அவருடைய மருமகள் றுமைஸா, தன் வீடு கட்டி முடியும்வரை மாமியாரோடு இருந்தாள். மூன்று மாதக் கர்ப்பம். ஒருநாள் காலையில் எதிர்வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. "மூலையையும் துடை புள்ள! குசினி அடுப்படியும் கிடக்கி!"

ஸிராஜ் வீதியைக் கடந்து போனான். "மூணு மாசத்தில திரும்ப என்ன இரிக்கி மாமி? அது கடைசி மாசத்துக் கதை."

"உங்கட பொஞ்சாதிக்கு நல்லமெண்டா என்ட மருமகளுக்கு மட்டும் கூடாதா?"

ஸிராஜ் வீட்டுக்கு வந்து மிஸ்ஸுக்குப் போன் எடுத்தான்.

தங்கேஸ்வரி மிஸ் வந்தார். சத்தம் போடவில்லை. றுமைஸாவைப் பரிசோதித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கும்படியாகவே ஹுஸ்னியாவிடம் சொன்னார்: "இவ்வளவு கவனமாப் பாக்கிற மாமி கிடைக்க வேணுமே! துடைக்கிறத விடுங்க, நடக்கிறதுதான் திறம். ஆனா தனிய விடாதீங்க. உங்களைப் போல அனுபவம் உள்ள ஆள் பக்கத்தில போகோணும்."

புகழ்ச்சியை ஹுஸ்னியாவால் தட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து அஸர் தொழுகை முடிந்ததும் இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். றுமைஸா கையை வீசிக்கொண்டு முன்னால் போவாள். ஹுஸ்னியா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பை அமுக்கியபடி, மணலில் கால் புதையப் புதையப் பின்னால் வருவார்.

ஒரு பின்னேரம் கேற்றடியில் பிள்ளையோடு நின்ற ஸிராஜைக் கண்டதும் ஹுஸ்னியா நின்று மூச்சு வாங்கினார். "இது எப்ப மனே முடியும்?"

ஸிராஜ் வாய் திறக்குமுன் றுமைஸா திரும்பினாள்.

"புள்ள பிறக்கட்டும் மாமி. வாங்க, வெயில் தாழுது."