சந்தனம் படிந்த கோல்

என் மேசை இழுப்பறையில் ஒரு கோல் கிடக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான மெல்லிய பிரம்பு, நுனியில் நீல நூலை இறுக்கிச் சுற்றிய உருண்டை. அந்த நீலத்தில் ஒரு பக்கம் மட்டும் சந்தனம் படிந்து காய்ந்து கெட்டியாகியிருக்கிறது. மரிம்பா என்ற வாத்தியத்தை வாசிக்கும் கோல் அது. அண்ணி கொடுத்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் ஒரு வாடை வருவதாக எனக்குத் தோன்றும். சந்தன வாடை இல்லை, அழுகிய மல்லிகையின் வாடை.

அண்ணி கிள்ளானில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. ஜப்பானிலிருந்து யாரோ அந்தப் பள்ளிக்கு ஒரு மரிம்பாவை நன்கொடையாக அனுப்பியிருந்தார்கள். ஆள் உயரத்தைவிட நீளமான சட்டத்தில் வரிசையாக மரக்கட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் அடி மூடிய ஓர் உலோகக் குழாய். மற்ற ஆசிரியர்கள் அதன்மேல் பரீட்சைத் தாள்களை அடுக்கப் பார்த்தார்கள். அண்ணி விடவில்லை. பள்ளி முடிந்ததும் கைக்கு இரண்டு கோலாகப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று பழகினார். விரலிடுக்கில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. "கரண்டி பிடிக்கிற கைக்கு இது என்ன வேலை?" என்று அண்ணன் கிண்டல் செய்வார். அண்ணி காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

மரிம்பாவுக்கும் முழு வாத்தியக்குழுவுக்குமாக எழுதப்பட்ட ஒரு கன்செர்ட்டோவின் தாள்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து இரண்டு வருஷம் உழைத்தார். மூன்று பகுதிகள் கொண்டது. நடுவில் வருவது மிக மெதுவானது. மரத்தைத் தட்டினால் சத்தம் உடனே செத்துவிடும், வயலினைப் போல இழுத்து நிறுத்த முடியாது. கோல்களை விடாமல் உருட்டி உருட்டித்தான் நாதத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டும். "வேகமா அடிக்கிறது யாரும் செஞ்சிடலாம் தம்பி. இந்த மெதுவா போறதுதான் உயிர வாங்குது" என்பார். அதை ஒரே ஒரு முறை, குழுவோடு, நாலு பேர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும். அவர் வாயிலிருந்து வேறு ஆசை எதையும் நான் கேட்டதில்லை.

நான் அப்போது பகலில் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, வார இறுதியில் ஓர் அமெச்சூர் குழுவில் வயோலா வாசிப்பவன். அத்தோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்துக்குத் துணைச் செயலாளர். அடுத்த வருஷம் செயலாளர் ஆகிவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சங்க ஆண்டு விழாவில் அண்ணியை எங்கள் குழுவோடு வாசிக்க வைக்கலாம் என்று தலைவரைக் கரைத்தவன் நான்தான். "டத்தோ வர்றாரு, கொஞ்சம் கிராண்டா இருக்கட்டும்லா" என்று அவரும் தலையாட்டினார்.

நம் சங்க விழாக்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரமுகர் தாமதமாகத்தான் வருவார். வந்தால் உலகம் நின்றுவிட வேண்டும். அன்றும் டத்தோ பட்டம் பெற்ற அந்தப் பிரமுகர் வரவில்லை என்று இசையை முதலில் தொடங்கினோம். முதல் பகுதி நன்றாகவே போயிற்று. நடுப்பகுதியில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மண்டபத்தில் குழந்தைகள்கூட அடங்கியிருந்தன. அப்போது வாசலில் நாதஸ்வரமும் மேளமும் முழங்கின. தலைவர் மேடைமேல் ஓடி வந்து, எங்களை நடத்திக்கொண்டிருந்த சீன ஆசிரியரின் கையையே பிடித்து நிறுத்தினார். "டத்தோ வந்துட்டாரு! ஸ்டாப், ஸ்டாப்!" பாதியில் தொங்கிய கோல்களை அண்ணி மெல்ல இறக்கினார். கோல்களோடு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

ஆள் ஆளுக்கு மாலையோடு ஏறினார்கள். "இதெல்லாம் எங்க வைக்கிறது? ஒரு மேசை கொண்டாங்கப்பா!" என்று தலைவர் பதறினார். மேசைகள் எல்லாம் பின்னால் சாப்பாட்டுக்குப் போயிருந்தன. நான் சொன்னேன்: "இது மேல வைக்கலாம் தலைவரே." சொன்னது நான். வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து மரிம்பாவின்மேல் விரித்ததும் நான். "கெட்டிக்காரன்லா நீ!" என்று தலைவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு அப்போது எனக்கு இனித்தது.

தண்ணீர் சொட்டும் மாலைகள் குவிந்தன. பன்னீர்ச் செம்பு வந்தது, சந்தனக் கிண்ணம் வந்தது. யாரோ முழங்கையால் இடிக்க, கிண்ணம் கவிழ்ந்தது. முக்கால் மணி நேரம் ஒருவரையொருவர் சிங்கம் என்றும் வள்ளல் என்றும் புகழ்ந்தார்கள். பொன்னாடை போர்த்தியவருக்கே திரும்பப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்போது பொன்னாடையைப் பார்த்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பேச்சு முடிந்ததும் அவசரமாகத் துணியை உருவி எறிந்தேன். கட்டையெல்லாம் ஈரம், இடுக்கெல்லாம் சந்தனம். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றார். கீழே கிடந்த மாலைகளைப் பார்த்தார், கட்டைகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. நடுப்பகுதியை மறுபடி தொடங்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டார். தலைவர் கீழேயிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கடைசி பாகம் மட்டும் போதும்லா, சாப்பாடு ஆறிடும்." கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தோம். நனைந்த கட்டைகள் மொத்து மொத்தென்றன. பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் அதைவிடத் தெளிவாகக் கேட்டது. அண்ணி ஒரு சுரம்கூடத் தவறவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு என்னை அழைத்தார். இசை அறைக்குள் நிற்க முடியாத நாற்றம். இருவருமாகக் குழாய்ச் சட்டத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தோம். அடி மூடிய குழாய்களுக்குள் வடிந்திருந்த மாலைத் தண்ணீரும் பூவும் கறுத்த கூழாகி, பொத்தென்று என் செருப்பின்மேல் விழுந்தன. புழு நெளிந்தது. நான் வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவிவிட்டார்.

"அத்தனை பேர் இருந்தாங்க தம்பி. அதத் தொடச்சிவிடணும்னு ஒனக்கு மட்டும்தான் தோணுச்சு" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு கோலை எடுத்து நீட்டினார். "இத நீ வச்சிக்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நாலு கோலில் ஒன்று போனால் அந்தக் கன்செர்ட்டோவை வாசிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அண்ணி மரிம்பாவைத் தொடவில்லை. நான் அடுத்த வருஷம் செயலாளர் ஆனேன்.

அண்ணிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்குக் கிள்ளான் வீட்டுக்குப் போனால் மருமகள்களை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "எவனோ ஒரு மூதேவி மரிம்பா மேல துணிய விரிச்சிட்டான். ஒங்க சித்தப்பா ஒருத்தர்தான் கைக்குட்டையால தொடச்சாரு." எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கைக் கடிப்பேன். அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வீடு திரும்பியதும் இழுப்பறையைத் திறந்து கோலை ஒருமுறை பார்ப்பேன். அண்ணி உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பிறகு மூடிவிடுவேன்.